விருந்தாளியும் எதிரியும் பிறந்த ஒரே சொல்

கேள்வி இது: “ஆங்கிலத்தில் ‘ஹாஸ்பிடாலிட்டி’ என்றால் விருந்தோம்பல், ‘ஹாஸ்டைல்’ என்றால் பகைமை கொண்ட. ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல், ஹோஸ்ட் என்று இன்னும் பல சொற்கள் அதே சாயலில் இருக்கின்றன. எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவையா? அப்படியென்றால் உபசரிப்பும் பகையும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன?”

ஆமாம், ஒரே வேர்தான். நீங்கள் சொன்னவற்றோடு ‘கெஸ்ட்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்த்தால் ஒட்டாதது போலத் தெரியும், ஆனால் மூதாதையின் முகச்சாயல் அதிகம் தங்கியிருப்பது அந்தச் சொல்லில்தான். ஜெர்மனில் ‘காஸ்ட்’, ரஷ்ய மொழியில் ‘கோஸ்த்’, போலிஷில் ‘கோஷ்ச்’, செக் மொழியில் ‘ஹோஸ்ட்’, இத்தாலியனில் ‘ஓஸ்பிதே’, பிரெஞ்சில் ‘ஓத்’, ஸ்பானிஷில் ‘உவெஸ்பெத்’, ருமேனியனில் ‘வாஸ்பெதே’. ஐரோப்பாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, கதவைத் தட்டுகிறவரைக் குறிக்கப் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லின் வழித்தோன்றல்களே இருக்கின்றன.

இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூலமொழியில் இதன் வடிவம் ‘கோஸ்திஸ்’ என்று இருந்திருக்க வேண்டும் என்பது மொழியியலாளர்களின் கணிப்பு. முதல் எழுத்தைச் சாதாரணக் ககரமாகப் படிக்காதீர்கள். இந்தியில் வீட்டை ‘கர்’ என்கிறார்களே, அதன் தொடக்கத்தில் மூச்சு கலந்து வரும் ககரம் அது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. மகள் மொழிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுத்தான் தாயின் உருவத்தை வரைகிறார்கள். அந்த மூச்சொலிக் ககரம் லத்தீனில் ஹகரமாக மெலிந்தது. ஜெர்மானிய மொழிகளிலும் ஸ்லாவிய மொழிகளிலும் மூச்சை மட்டும் இழந்து ககரமாக நின்றது. லத்தீனில் தோட்டத்துக்கு ‘ஹோர்துஸ்’, ஜெர்மனில் ‘கார்ட்டன்’. அதே கணக்குத்தான் லத்தீன் ‘ஹோஸ்திஸ்’, ஜெர்மன் ‘காஸ்ட்’, ரஷ்ய ‘கோஸ்த்’ என்பதும். ஒலி மாற்றம் இப்படி ஒழுங்காக, சொல்லுக்குச் சொல் பொருந்தி நடப்பதால்தான் இவை உறவினர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. வெறும் சாயலை வைத்துச் சொல்வதில்லை.

சரி, ஒலி பொருந்திவிட்டது. பொருள்தான் இடிக்கிறது. ஜெர்மன் ‘காஸ்ட்’ விருந்தாளி. ரஷ்ய ‘கோஸ்த்’ விருந்தாளி. லத்தீன் ‘ஹோஸ்திஸ்’ மட்டும் எதிரி. இலக்கிய லத்தீனைப் புரட்டினால் போர்க்களம் போர்க்களமாக இந்தச் சொல்தான் வரும். ரோமானியர்களுக்கு என்ன ஆயிற்று?

இதற்கான பதிலை ரோமானியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கி.மு. 44இல் ரோமானிய அரசியல்வாதியும் எழுத்தாளருமான சிசரோ தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், இன்று நாம் அயல்நாட்டான் என்று சொல்கிறவனைத்தான் நம் முன்னோர் ‘ஹோஸ்திஸ்’ என்றார்கள் என்கிறார். ஆதாரமாக அவர் காட்டுவது ரோமின் மிகப் பழைய சட்டத் தொகுப்பான பன்னிரண்டு பலகைகளை. அது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதில் ‘ஹோஸ்திஸுடன் வழக்குக்காகக் குறிக்கப்பட்ட நாள்’ என்று ஒரு தொடர் வருகிறது. எதிரியோடு யாராவது கோர்ட்டில் நாள் குறிப்பார்களா? அங்கே நிற்பவன் வெளியூர்க்காரன். வியாபாரம் செய்ய வந்தவன், கொடுக்கல் வாங்கலில் தகராறு வந்தால் உங்கள்மேல் வழக்குப் போடும் உரிமையுள்ளவன். சிசரோவின் காலத்தவரான வர்ரோவும் இதையே சொல்கிறார். அந்தக் காலத்தில் எதிரிக்கு ‘பெர்துயெல்லிஸ்’ என்று தனிச் சொல் இருந்தது, ‘ஹோஸ்திஸ்’ என்றால் தன் சொந்த நாட்டுச் சட்டப்படி வாழும் அயலான் மட்டுமே என்கிறார்.

சிசரோ இன்னொன்றும் சொல்கிறார், அது என் மனதை விட்டு அகலாதது. ஆயுதம் ஏந்தி எதிரே நிற்பவனை ‘அயலான்’ என்ற மென்மையான சொல்லால் அழைத்தது முன்னோரின் கனிவு, ஆனால் காலம் அந்தச் சொல்லையே கடினமாக்கிவிட்டது என்கிறார். ஒரு சொல் கெட்டுப்போவதைக் கூடவே இருந்து கவனித்த ஒருவர் வருத்தத்தோடு குறித்து வைத்தது போல இருக்கிறது அது.

இது ஐரோப்பாவுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய ‘ஏதிலார்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பில்லாதவர், அயலார் என்பதுதான் அதன் முதல் பொருள். “ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம் காண்கிற்பின்” என்று வள்ளுவர் சொல்லும்போது அங்கே பகை எதுவும் இல்லை, பிறர் என்றுதான் பொருள். ஆனால் அகராதியில் அடுத்த வரியிலேயே ‘பகைவர்’ என்றும் பொருள் கொடுத்திருப்பார்கள். லத்தீனில் நடந்த அதே சரிவு. அப்புறம் நம் காலத்தில் அந்த வேர் இன்னொரு பக்கம் திரும்பியது. போரால் வீடிழந்து ஓடி வந்தவரை, குறிப்பாக ஈழத்தமிழ் எழுத்தில், ‘ஏதிலி’ என்கிறோம். அயலார், பகைவர், அடைக்கலம் தேடி வந்தவர், மூவரும் ஒரே சொல்லின் நிழலில் நிற்கிறார்கள். லத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் எந்த உறவும் இல்லை. தெரியாதவர் வாசலில் வந்து நின்றால் மனிதருக்குத் தோன்றுவது எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஆனாலும் ‘கோஸ்திஸ்’ என்பதை வெறுமனே ‘அயலான்’ என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சொன்னதாகும். அயலான் என்றால் எல்லா அயலானும் அல்ல. பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் இந்தோ-ஐரோப்பிய நிறுவனங்களின் சொற்களைப் பற்றி 1969இல் வெளியிட்ட நூலில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். பழைய லத்தீனில் ‘ஹோஸ்தீரே’ என்று ஒரு வினைச்சொல் இருந்தது. சமமாக்குதல், ஈடு செய்தல் என்று அதற்குப் பொருள். ரோமானிய மக்களோடு சம உரிமை உள்ளவர்கள் என்பதால்தான் அயலாரை ‘ஹோஸ்திஸ்’ என்றார்கள் என்று பழைய லத்தீன் அகராதிக்காரரான ஃபெஸ்துஸும் விளக்கம் எழுதியிருக்கிறார். ஆக, ‘கோஸ்திஸ்’ என்பவன் உங்களோடு கொடுத்து வாங்கும் உறவில் கட்டுண்ட அயலான். இன்று அவன் உங்கள் வீட்டில் சாப்பிட்டால் நாளை நீங்கள் அவன் ஊருக்குப் போகும்போது உங்களுக்குப் படுக்கை போடும் கடமை அவனுக்கு உண்டு. நம் ஊரில் மொய் நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிறோமே, அந்த உணர்வை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் பிடிபடும். அங்கே இந்தக் கடமை இரு குடும்பங்களுக்கு இடையில், தலைமுறை தலைமுறையாக ஓடியது.

இந்த உறவுக்கு ரோமானியர்கள் அத்தாட்சி வைத்திருந்தார்கள். ‘தெஸ்ஸெரா ஹோஸ்பிதாலிஸ்’ என்று பெயர். கையில் அடங்கும் சின்னத் துண்டு. தந்தம், வெண்கலம், களிமண் என்று பலவற்றில் செய்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு பாதிகளில் ஒன்று உங்கள் வீட்டில், மற்றது கடல் தாண்டியிருக்கும் நண்பர் வீட்டில். பேரன் காலத்தில் யாராவது வந்து கதவைத் தட்டினாலும் பாதியோடு பாதியைச் சேர்த்துப் பார்த்தால் போதும். வட ஆப்பிரிக்காவின் பழைய கார்த்தேஜ் நகரத்துக் கல்லறை ஒன்றில் இப்படி ஒரு தந்தத் துண்டு கிடைத்தது. ஒரு பக்கம் பாதிக் காட்டுப்பன்றியின் உருவம். தட்டையான மறுபக்கத்தில் பழைய இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்களின் எழுத்தில், அவர்கள் மொழியிலேயே, தன்னைக் கார்த்தேஜ்காரன் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஒரு வரி. கி.மு. ஆறாம் நூற்றாண்டுப் பொருள். இத்தாலியில் யாரோ ஒருவரிடம் பன்றியின் மறுபாதி இருந்திருக்க வேண்டும். ரோமானிய நாடகாசிரியர் பிளாவுதுஸின் நகைச்சுவை நாடகம் ஒன்றிலும், ஒரு கார்த்தேஜ்காரரும் அவர் தேடி வந்த இளைஞனும் துண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்து, தகப்பன் காலத்து உறவை உறுதி செய்துகொள்ளும் காட்சி இருக்கிறது.

கிரேக்கர்களிடமும் இதே வழக்கம் உண்டு. அவர்கள் அந்தத் துண்டை ‘சும்போலோன்’ என்றார்கள், சேர்த்துப் பொருத்துவது என்று பொருள். இன்று நாம் சொல்லும் ‘சிம்பல்’ அதிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அயலானுக்கும் விருந்தாளிக்கும் உபசரிப்பவனுக்கும் ஒரே சொல், ‘க்ஸெனோஸ்’. அது நம் ‘கோஸ்திஸ்’ குடும்பத்தைச் சேர்ந்ததா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. சொல் வேறானாலும் நடைமுறை ஒன்றே. ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியத்தின் ஆறாம் காண்டத்தில் எதிரெதிர்ப் படைகளைச் சேர்ந்த தியோமேதேஸும் கிளவ்கோஸும் நட்ட நடுக் களத்தில் மோத வருகிறார்கள். குலம் கோத்திரம் விசாரிக்கும்போது, இவனுடைய தாத்தா வீட்டில் அவனுடைய தாத்தா இருபது நாள் விருந்தாளியாகத் தங்கியிருந்தது தெரியவருகிறது. உடனே ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு, இனி ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று கைகொடுத்துக் கவசங்களை மாற்றிக்கொள்கிறார்கள். எதிரியும் விருந்தாளியும் ஒரே ஆளாக நிற்கும் இடம் இது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை.

ரோம் வளர வளர இந்த வீட்டுக்கு வீடு உறவு பின்னுக்குப் போனது. அரசு பெரிதாகி, குடிமகன், குடிமகன் அல்லாதவன் என்ற கோடு கெட்டியானபோது, வெளியே நிற்பவன் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை என்றாயிற்று. ‘ஹோஸ்திஸ்’ கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவன், அதாவது பகைவன் ஆனான். அப்படியானால் வீட்டுக்கு வரும் விருந்தாளியை என்னவென்று அழைப்பது? அதற்கு அதே சொல்லிலிருந்து கிளைத்த கூட்டுச்சொல் ஒன்று லத்தீனில் ஏற்கெனவே இருந்தது. அதுதான் ‘ஹோஸ்பெஸ்’.

‘ஹோஸ்பெஸ்’ என்பதில் இரண்டு துண்டுகள் உண்டு. முதல் பாதி நம் ‘கோஸ்தி’. இரண்டாம் பாதி ‘போத்’, தலைவன் என்று பொருள். சமஸ்கிருதத்தின் ‘பதி’யும் இதுவும் ஒன்றே. சேனாபதி, அதிபதி என்று நாம் தினமும் புழங்குகிற பதி. கிரேக்கத்தில் ‘தெஸ்போதேஸ்’ என்றால் வீட்டுத் தலைவன். ஆங்கிலத்தில் கொடுங்கோலனைக் குறிக்கும் ‘டெஸ்பாட்’ அதன் பிள்ளை. வீட்டுத் தலைவர்கள் என்ற அதே பொருளில் சமஸ்கிருதத்தில் உண்டான சொல் ‘தம்பதி’. நம் கல்யாணப் பத்திரிகைகளில் வரும் தம்பதியும் ஆங்கில டெஸ்பாட்டும் நெருங்கிய உறவினர்கள்! அந்த முறைப்படி ‘ஹோஸ்பெஸ்’ என்றால் விருந்தாளிகளின் தலைவன், அதாவது உபசரிப்பவன்.

ஆனால் லத்தீனில் அது விருந்தாளியையும் குறித்தது. உறவு இரு பக்கமும் சமம் என்பதால் பெயரும் இரு பக்கத்துக்கும் பொது. அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை. பிரெஞ்சில் ‘ஓத்’ என்றால் அழைத்தவரா, வந்தவரா என்று இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இத்தாலிய ‘ஓஸ்பிதே’யும் அப்படியே. பிரெஞ்சிலிருந்து மொழிபெயர்க்கிறவர்களை இந்த ஒரு சொல் நன்றாகச் சோதிக்கும். ‘ஓத் எழுந்து நின்று நன்றி சொன்னார்’ என்றால் யார் எழுந்தார் என்று தெரிய முன்னும் பின்னும் நான்கு வரி படிக்க வேண்டும். ஆங்கிலம் இந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டது. அழைப்பவருக்குப் பிரெஞ்சு வழி வந்த ‘ஹோஸ்ட்’, வருகிறவருக்கு ஜெர்மானிய வழி வந்த ‘கெஸ்ட்’. நூற்றாண்டுக் கணக்கில் வேறு வேறு பாதையில் நடந்த ஒரே சொல்லின் இரண்டு வழித்தோன்றல்கள், இங்கிலாந்தில் வாசலுக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக எதிரெதிரே வந்து நிற்கின்றன.

இதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டுமா? செக் குடியரசில் எந்த ஃபுட்பால் மைதானத்துக்குப் போனாலும் ஸ்கோர் பலகையில் ஒரு பக்கம் ‘தொமாட்சி’, மறுபக்கம் ‘ஹோஸ்தே’ என்று இருக்கும். முதலாவது சொந்த ஊர் அணி, இரண்டாவது வெளியூர் அணி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ‘ஹோஸ்தே’ என்பதைப் பார்த்து, போட்டியை நடத்தும் அணி என்று எடுத்துக்கொள்வார். செக் மொழியில் ‘ஹோஸ்ட்’ என்றால் விருந்தாளி. எழுத்துக்கு எழுத்து ஆங்கிலச் சொல்லைப் போலவே இருந்தாலும் இந்த ஒற்றுமை தற்செயல். ஸ்லாவிய ‘கோஸ்த்’தின் ககரம் செக் மொழியில் இடைக்காலத்தில்தான் ஹகரமாக மாறியது. ஆங்கிலத்தின் ஹகரமோ லத்தீன் காலத்திலிருந்து வருவது. இரண்டு ஆறுகள் வேறு வேறு மலையைச் சுற்றி வந்து ஒரே ஊரில் ஓடுவது மாதிரி.

ருமேனியன் இன்னும் சுவையானது. அங்கே விருந்தாளி ‘வாஸ்பெதே’, படை ‘வாஸ்தே’. முதலாவது ‘ஹோஸ்பெஸ்’ஸின் பிள்ளை, இரண்டாவது ‘ஹோஸ்திஸ்’ஸின் பிள்ளை. எதிரி என்ற சொல் இடைக்கால லத்தீனில் படைக்கும் பெயராயிற்று. பழைய பிரெஞ்சில் ‘ஓஸ்த்’, ஸ்பானிஷில் ‘உவெஸ்தே’ என்று அது பரவியது. பெருங்கூட்டம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரும் இன்னொரு ‘ஹோஸ்ட்’டும் இதுதான். ஆங்கில பைபிளில் கடவுளைச் சேனைகளின் கர்த்தர் என்று சொல்லும் இடங்களில் நிற்பது அந்த ‘ஹோஸ்ட்’. விருந்துக்கு அழைப்பவர் அல்ல, படை.

ஜெர்மானியப் பக்கம் போனால் இந்தச் சொல்லைத் தங்கத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். டென்மார்க்கின் தெற்கே கால்லெஹுஸ் என்ற ஊரில் 1639இலும் 1734இலும் இரண்டு தங்கக் கொம்புகள் கிடைத்தன. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை என்று மதிப்பிடப்படுபவை. இரண்டாவது கொம்பின் விளிம்பில் பழைய ஜெர்மானியர்களின் ரூனிக் எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம்: ஏக் ஹ்லேவகஸ்திஸ் ஹோல்தியாஸ் ஹோர்னா தாவிதோ. கொம்பைச் செய்தது ஹ்லேவகஸ்திஸ் ஆகிய நான் என்று பொருள். பெயரின் பின்பாதியைப் பாருங்கள், ‘கஸ்திஸ்’. விருந்தாளி. ஜெர்மானிய மொழிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு வாக்கியங்களில் ஒன்று, அதிலும் ஒரு விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். மூலமொழியின் ‘கோஸ்திஸ்’ஸுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது அது! கொம்புகளை 1802இல் கோபன்ஹேகன் அரச சேகரிப்பிலிருந்து ஒரு பொற்கொல்லர் திருடி உருக்கிவிட்டார். முன்பே வரைந்து வைத்திருந்த படங்கள் இருந்ததால் எழுத்து மட்டும் பிழைத்தது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும், அந்தப் படங்களை வரைந்தவர்களை மனதுக்குள் கும்பிடுகிறேன்.

அதே ‘காஸ்ட்’ 20ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வேறொரு சுமையைச் சுமந்தது. மேற்கு ஜெர்மனி ஆள் பற்றாக்குறையால் 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. அப்படி வந்தவர்களை ‘காஸ்ட்-ஆர்பைட்டர்’ என்றார்கள், விருந்தாளித் தொழிலாளர். கேட்க மரியாதையாக இருக்கிறது. ஆனால் விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்ப வேண்டியவர். சுரங்கத்திலும் கார்த் தொழிற்சாலையிலும் முப்பது வருடம் உழைத்துப் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் ஒருவர் விருந்தாளியாகவே இருந்தால், அந்தப் பெயர் உபசரிப்பா, கதவைக் காட்டுவதா? என்னைக் கேட்டால் இது ‘ஹோஸ்திஸ்’ஸின் பழைய கதைதான். கொடுத்து வாங்கும் உறவில் ஒரு பக்கம் தன் கடமையை மறந்துவிட்டால் விருந்தாளி என்ற பெயரே வேலியாகிவிடும். சோவியத் யூனியன் உடைந்த பிறகு மத்திய ஆசியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களைக் குறிக்க ரஷ்யர்களும் இதே ஜெர்மன் சொல்லை ‘கஸ்தர்பாய்த்தர்’ என்று எடுத்துக்கொண்டார்கள். சொந்தமாக ‘கோஸ்த்’ இருக்க, அதன் ஒன்றுவிட்ட சகோதரனை ஜெர்மனியிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள்.

ரஷ்ய ‘கோஸ்த்’தைப் பற்றி நிறையச் சொல்லலாம். பழைய ரஷ்யாவில் அதற்கு வணிகர் என்றும் பொருள். சாதாரணக் கடைக்காரர் அல்லர், தூரதேசங்களோடு வியாபாரம் செய்பவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நெவ்ஸ்கி சாலையில் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய நீண்ட கடைத்தொகுதி இன்றும் இருக்கிறது. பெயர் ‘கோஸ்தினி த்வோர்’. விருந்தாளிகளின் முற்றம் என்று மொழிபெயர்த்தால் லாட்ஜ் என்று தோன்றும். அது வணிகர்களின் சந்தை. 1898இல் மாஸ்கோவில் மேடையேறிய ரீம்ஸ்கி-கோர்சகோவின் ‘சத்கோ’ என்ற ஆப்பராவில் ‘இந்திய கோஸ்த்’ என்று ஒரு பாத்திரம் வந்து, தன் நாட்டு வைரங்களையும் தென்கடல் முத்துகளையும் பற்றிப் பாடும். பலரும் அவரை இந்திய விருந்தாளி என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். நோவ்கோரோட் துறைக்குச் சரக்கோடு வந்த வியாபாரி அவர். தென்கடல் முத்து என்றதும் நமக்குக் கொற்கை நினைவுக்கு வருகிறது. நம் துறைமுகங்களுக்கு வந்த யவனர்களும் பழைய ரஷ்யர்கள் கணக்கில் ‘கோஸ்த்’ ஆகத்தான் இருந்திருப்பார்கள், பொன்னோடு வந்து மிளகோடு போனவர்கள்.

அதே வேரில் பிறந்த ‘போகோஸ்த்’ என்ற சொல்லின் பயணம் நெஞ்சைத் தொடும். முதலில் அது வணிகர்கள் வந்து தங்கும் இடம். பத்தாம் நூற்றாண்டில் அரசி ஓல்கா வடக்கே போகோஸ்துகளை ஏற்படுத்தி அங்கே வரி வசூலித்தார் என்று ரஷ்யாவின் மிகப் பழைய வரலாற்றுக் குறிப்பு 947ஆம் ஆண்டுக்கான பதிவில் சொல்கிறது. ஆக, தங்குமிடம் வரி மையமாயிற்று. கிறிஸ்தவம் வந்ததும் அந்த மையத்தில் தேவாலயம் எழுந்தது. தேவாலயத்தைச் சுற்றி ஊர்க்காரர்களைப் புதைத்தார்கள். இன்று ஒரு ரஷ்யரிடம் ‘போகோஸ்த்’ என்றால் அவர் நினைப்பது கிராமத்து இடுகாட்டை. ஒனேகா ஏரித் தீவில் மரத்தாலேயே கட்டிய தேவாலயங்கள் நிற்கும் கிழி போகோஸ்த் 1990இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வணிகர் ஓர் இரவு தங்கிய இடம், ஊரார் நிரந்தரமாகத் தங்கும் இடமாகிவிட்டது.

ஸ்லாவிய மொழிகளிலும் ‘ஹோஸ்பெஸ்’ போன்ற கூட்டுச்சொல் உண்டு. ‘கோஸ்போத்’ என்றால் ரஷ்ய மொழியில் கடவுள், ஆண்டவர். ‘கோஸ்போதின்’ என்றால் திருவாளர். லத்தீனில் உபசரிப்பவரோடு நின்றது இங்கே ஆண்டவர் வரைக்கும் போயிருக்கிறது என்பதுதான் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். செக் மொழியில் அதே குடும்பத்து ‘ஹோஸ்போதா’ தெருமுனை பீர்க்கடை. போலிஷில் ‘கோஸ்போதார்கா’ பொருளாதாரம். விருந்தாளி வீட்டுக்குள் வந்தால் கடவுளே வந்தது போல என்று போலந்தில் ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்கிற பாட்டிகளுக்கு இந்த வேர்ச்சொல் ஆராய்ச்சியெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். ‘ஹோஸ்பெஸ்’ என்பதிலிருந்து ‘ஹோஸ்பிதாலிஸ்’, விருந்தாளிக்கு உரிய என்ற பெயரடை. அதிலிருந்து ‘ஹோஸ்பிதாலே’, விருந்தாளிகள் தங்கும் இடம். அதில் நோய் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். இடைக்கால ஐரோப்பாவில் மடங்களை ஒட்டி இருந்த ‘ஹாஸ்பிடல்’கள் யாத்ரீகர்கள், ஏழைகள், அநாதைகள், கிழவர்கள் என்று போக்கிடம் இல்லாத எல்லோருக்குமான சத்திரங்கள். ஜெருசலேமில் யாத்ரீகர்களுக்காக அப்படி ஒன்றை நடத்தியவர்களைத்தான் 1113இல் போப் தனி அமைப்பாக அங்கீகரித்தார், ஹாஸ்பிடலர்கள் என்று வரலாற்றில் வருகிறவர்கள். ஃப்ளாரன்ஸில் 1419இல் கட்டடக் கலைஞர் ப்ரூனெல்லெஸ்கி வடிவமைத்த ‘ஒஸ்பெதாலே’ கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். நடந்து களைத்தவர்களும் ஆதரவற்றவர்களும் வந்து சேரும் இடத்தில் நோயாளிகள் இல்லாமல் இருப்பார்களா? மெல்ல மெல்ல மருத்துவர் உள்ளே வந்தார், மற்றவர்கள் வெளியே போனார்கள்.

பிரான்சின் போன் என்ற ஊரில் 1443இல் நிக்கோலா ரோலன் நிறுவிய ஒதெல்-தியூ, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘ஒதெல்’ என்றால் விடுதி, ‘தியூ’ என்றால் கடவுள். கடவுளின் விடுதி. ஏழைகளின் கூடம் என்ற நீண்ட அறையில் சுவரை ஒட்டி இரு பக்கமும் வரிசையாக மரக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் சிவப்புத் திரை. கூடத்தின் கோடியிலேயே சிற்றாலயம், படுத்தபடியே பூசை காணலாம். படகைக் கவிழ்த்தது போன்ற மரக் கூரை. அந்தக் கட்டில்களுக்கு நடுவே நிற்கும்போது இது ஹோட்டலா, ஹாஸ்பிடலா என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டும் ஒன்றாக இருந்த காலம் அப்படியே நிற்கிறது. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்பிட்டால் ஆகிய ஊர்ப்பெயர்களில் ஒட்டியிருப்பதும் அப்படிப்பட்ட சத்திரங்கள்தான். முன்னால் இருந்த ‘ஹோ’வைப் பேச்சு வழக்கு விழுங்கிவிட்டது.

ஹாஸ்டலும் ஹோட்டலும் ஒரே சொல். பழைய பிரெஞ்சில் ‘ஹோஸ்தெல்’. இடைக்காலத்தில் ஆங்கிலம் அதைக் கடன் வாங்கியபோது ஸகரம் எழுத்தில் இருந்தது. அப்புறம் பிரெஞ்சில், மெய்க்கு முன் வரும் ஸகரம் பேச்சில் உதிர்ந்துபோய், அதன் நினைவாக உயிரெழுத்தின் மேல் ஒரு சின்னக் கூரைக்குறி மட்டும் மிஞ்சியது. காட்டைக் குறிக்கும் ‘ஃபாரஸ்ட்’ அங்கே ‘ஃபொரே’ ஆனதும் இப்படித்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மறுபடி போய், ஸகரம் உதிர்ந்த ‘ஹோட்டல்’ஐ வசதியான புதுவகை விடுதிக்குப் பெயராக வாங்கி வந்தார்கள். பிரெஞ்சிலோ அந்தச் சொல் பெரிய மாளிகைக்கும் பொது. ‘ஒதெல் த வீல்’ என்று பலகை பார்த்து ரூம் கேட்டுப் போய்விடாதீர்கள், அது நகராட்சி அலுவலகம். நம் ஊருக்கு வந்த ‘ஹோட்டல்’ இன்னொரு வளைவு எடுத்தது. இங்கே அது சாப்பாட்டுக் கடை. தங்குவதற்கு லாட்ஜ். விருந்தாளிக்குரிய இரண்டு கடமைகளில் படுக்கையை விட்டுவிட்டு இலையை மட்டும் வைத்துக்கொண்டது தமிழ்.

‘ஆஸ்பத்திரி’ ஹாஸ்பிடலின் தமிழ் வடிவம் என்பது உங்களுக்கே தெரியும். அதைச் சிலர் கொச்சை என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. இத்தாலியர் ‘ஒஸ்பெதாலே’ என்றும் ஆஸ்திரியர் ‘ஷ்பிட்டால்’ என்றும் தத்தம் நாக்குக்கு வளைத்துக்கொண்டதைப் போல நாமும் செய்திருக்கிறோம். இந்தக் குடும்பத்திலிருந்து தமிழுக்கு இன்னொரு சொல்லும் வந்திருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். கத்தோலிக்கத் தேவாலயத்தில் நற்கருணை அப்பத்தை ‘ஓஸ்தி’ என்பார்கள். லத்தீன் ‘ஹோஸ்தியா’, பலிப்பொருள். முன்பு பார்த்த ‘ஹோஸ்தீரே’, அதாவது ஈடு செய்தல் என்ற வினையோடு அதைச் சேர்க்கிறார்கள்: தெய்வத்துக்குத் திருப்பிக் கொடுப்பது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. விருந்துக்கு ஐரோப்பியர் எடுத்த பெயர் கொடுத்து வாங்கும் கணக்கிலிருந்து வந்தது. தமிழில் ‘விருந்து’ என்பதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுளையே விருந்து என்கிறது. வந்தவர் முன்பின் தெரியாத புதியவர் என்பதாலேயே அவர் விருந்து. சிசரோ வருந்தியது போல இந்தச் சொல் பகையின் பக்கம் சரியவில்லை. இலையின் பக்கம் நகர்ந்தது. புதியவரைக் குறித்த சொல், அவருக்காகப் பரிமாறும் சோற்றைக் குறிக்கத் தொடங்கியது.